வரலாறு தொலையாது, எல்லோர் கைக்கும் போய்ச் சேரும்

கொங்கு மண்டலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

நூற்பாலைகளுக்குச் சம்பளக் கணக்கு, பஞ்சு பேல் இருப்பு, லேபிள் அச்சிடுதல் போன்றவற்றுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் அது. ஒன்பது பேர் கொண்ட அணிக்கு இவர் தலைவர். 2009 முதல் எழுதிய மொத்தக் கோடும் (மென்பொருள் நிரலும்) அலுவலகத்தில் ஒரு மேசைக்கு அடியில் இருக்கும் கணினியில், சப்வெர்ஷனில் (சுருக்கமாக எஸ்.வி.என்.; யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றை ஒரே சர்வரில் வைத்திருக்கும் மென்பொருள்) இருக்கிறது. முப்பத்தோராயிரம் ரிவிஷன் (பதிவான மாற்றம்), 14 ஜிபி. எம்.டி. ஒருநாள் கூப்பிட்டு, “தீபாவளி லீவு முடிஞ்சு வரும்போது எல்லாரும் கிட்ல, அதான் கிட்ஹப்ல, இருக்கணும். பழசெல்லாம் எதுக்கு? இன்னைக்கு இருக்கிற கோடைக் காப்பி பண்ணிப் புதுசா ஆரம்பிங்க” என்று சொல்லிவிட்டார். கிட் என்பது அதே வேலைக்கான இன்னொரு மென்பொருள்; கிட்ஹப் என்பது கிட்டில் உள்ள கோடை இணையத்தில் வைக்கும் தளம். ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்கும் மூத்தவர், வாசகி ‘அண்ணா’ என்று அழைக்கும் ஒருவர், “எஸ்.வி.என். நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கிளறணும்?” என்கிறார். இளைஞர்கள் இரண்டு பேர் யாரிடமும் கேட்காமல் கோடின் ஒரு பகுதியைத் தங்கள் சொந்த கிட்ஹப் கணக்கில் ஏற்றி, அங்கேயே வேலை செய்து பழகிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் இரண்டு சிக்கல். வாடிக்கையாளரான ஓர் ஆலைக் குழுமத்தின் கணினிப் பிரிவு ஆளுக்கு, அவர்களுக்காக எழுதிய ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். லேபிள் அச்சிடும் பகுதியை 2013-இல் வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் எதுவும் கிடையாது, பணம் வங்கி வழியாகப் போனது, பிறகு மனக்கசப்பு. “மாத்தும்போது அவன் பேரைத் தூக்கிடுங்க” என்கிறார் எம்.டி. “பதினைந்து வருஷ வேலை தொலைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. கிட் வந்தா யார் எதைச் செஞ்சாங்கன்னு துல்லியமாத் தெரியும், ஒவ்வொரு லேப்டாப்பும் ஒரு பேக்கப்தான்னு பசங்க சொல்றாங்க, நம்பலாமா? எது தப்பாப் போனாலும் என் தலையிலதான் விழும்” என்று முடிக்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் பயம் வரலாறு தொலைந்துவிடும் என்பதில் இருக்கிறது. அது தொலையாது. இந்த வகை மாற்றத்துக்கான கருவிகள் பல பெரிய திட்டங்களில் அடிபட்டுத் தேறியவை. என் கவலை வேறு. அந்த வரலாறு முழுசாக, ஒரு வரி விடாமல், ஒன்பது மடிக்கணினிகளுக்கும் போய்ச் சேரப்போகிறது. சப்வெர்ஷனில் செக்-அவுட் செய்பவருக்கு இறங்குவது இன்றைய நிலை மட்டும்; பழையது வேண்டுமென்றால் சர்வரைக் கேட்க வேண்டும், சர்வர் அனுமதி பார்க்கும். கிட்டில் குளோன் அடித்தால் (தன் கணினிக்கு நகல் எடுத்தால்), சாதாரணமாக, 2009-இல் யாரோ ராத்திரி அவசரத்தில் சேர்த்து மறுநாள் காலையில் நீக்கிய ஃபைல்கூட இறங்கிவிடும். இன்றைக்கு அந்த மேசைக்கு அடியில் அடங்கிக் கிடப்பதெல்லாம் பையில் பயணம் செய்யும், பேருந்தில் தொலையும், வேலையை விட்டுப் போகிறவரோடு போகும். நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி இதிலிருந்து வருவதுதான்.

பழையதை எடுத்துப் போவதா, விட்டுப் போவதா?

எம்.டி. சொன்ன வழி முட்டாள்தனம் அல்ல. கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் செய்ததே அதுதான். அதுவரை லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) இருந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச உரிமம் 2005-இல் நின்றுபோக, அந்த ஏப்ரலில் அவர் கிட்டை எழுதினார். கெர்னலை அதற்குள் கொண்டுவந்தபோது பழைய வரலாற்றை எடுத்துவரவில்லை, 2.6.12-ஆர்சி2 என்ற பதிப்பில் புதிதாகத் தொடங்கினார். முழு வரலாறும் சேர்த்தால் 3.2 ஜிபி வரும், வேண்டுமானால் பிறகு தனியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று முதல் கமிட்டின் (பதிவுசெய்த மாற்றத்தின்) குறிப்பிலேயே எழுதிவைத்தார்.

இன்னொரு கோடியில் ஜிசிசி கம்பைலர் குழு. சுமார் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் சப்வெர்ஷன் ரிவிஷன்களை 2020 ஜனவரியில் கிட்டுக்கு மாற்றினார்கள். எந்தக் கருவி பிராஞ்சுகளை (கோடின் தனித்தனிக் கிளைகளை) சரியாகப் பிரிக்கிறது, எந்த மாற்றம் யார் பெயரில் போக வேண்டும் என்று நீண்ட காலம் விவாதித்து, கடைசியில் எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற பெரிய மென்பொருள் திட்டங்களான எல்.எல்.வி.எம். 2019 அக்டோபரிலும், ஃப்ரீபிஎஸ்டி 2020 டிசம்பரிலும், வெப்கிட் 2022-இலும் சப்வெர்ஷனை விட்டு வந்தபோது வரலாற்றோடுதான் வந்தன.

உங்களுக்கு எது பொருந்தும்? கெர்னலைப் போல உங்கள் கோடைப் பல்லாயிரம் பேர் மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. ஓர் ஆலையில் ஓவர்டைம் கணக்கு ஏன் அரை மணிக்குக் கீழே வெட்டப்படுகிறது என்ற கேள்விக்கு விடை, 2014-இல் யாரோ எழுதிய கமிட் குறிப்பில் மட்டும்தான் இருக்கும். வீட்டுப் பத்திரம் கையில் இருந்தாலும் மூலப்பத்திரத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தானே. அதனால் டிரங்கையும் (கோடின் முக்கியக் கிளை), ஆலைகளில் இன்றும் ஓடுகிற பதிப்புகளின் பிராஞ்சுகளையும், வாடிக்கையாளருக்குக் கொடுத்த பதிப்புகளின் டேக்குகளையும் (பெயரிட்டுக் குறித்துவைத்த நிலைகள்) வரலாற்றோடு எடுத்துப் போங்கள். செத்துப்போன பிராஞ்சுகளை விட்டுவிடுங்கள். அவை பழைய சப்வெர்ஷனிலேயே படிக்க மட்டும் என்ற நிலையில் கிடக்கட்டும். கமிட்டுக்கு முன் சர்வரில் தானாக ஓடும் ஹூக்கில் எல்லாவற்றையும் மறுக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டைப் போட்டால் போதும். யாரும் பழக்கதோஷத்தில் அங்கே எழுத முடியாது.

14 ஜிபி என்றீர்கள். ஒன்பது பேர் பதினைந்து வருடம் தட்டினாலும் கோடு அத்தனை வராது. உள்ளே செட்டப் ஃபைல்கள், டிஎல்எல், ஆலையிலிருந்து பிழை பார்க்க வாங்கி வந்த டேட்டாபேஸ் பேக்கப் இதெல்லாம் இருக்கும். எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள். கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல் இருந்தால் புஷ் (சர்வருக்கு ஏற்றுவது) ஏற்கப்படாது. அந்த ஃபைல் இன்று நீக்கப்பட்டிருந்தாலும் வரலாற்றில் இருந்தால் அதே கதிதான். ரிப்போர்ட் டிசைன் ஃபைல்கள் தனிச் சிக்கல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் அவற்றை மெர்ஜ் செய்ய (ஒன்றாக இணைக்க) முடியாது. சப்வெர்ஷனில் நீங்கள் அவற்றைப் பூட்டி வேலை செய்திருப்பீர்கள். கிட்டில் தானாக அந்த வசதி கிடையாது, பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்.எஃப்.எஸ். என்ற துணைக் கருவியைச் சேர்த்தால் பூட்டும் வசதி வரும். இதை யோசிக்காமல் மாறினால் முதல் மாதத்திலேயே ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவர் அழித்துவிட்டுச் சண்டை வரும்.

உங்கள் பிழைப் பதிவுகளில் ‘ரிவிஷன் 18422-இல் சரிசெய்தது’ என்ற மாதிரி எண்கள் நிறைய இருக்கும். கிட்டில் வரிசை எண் இல்லை, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் என்ற நீளமான அடையாளக் குறிதான். சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் கருவி ஒவ்வொரு கமிட் குறிப்பின் கடைசியிலும் பழைய ரிவிஷன் எண்ணை ஒரு வரியாகச் சேர்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். நாளைக்குப் பழைய எண்ணைத் தேடிப் பிடிக்க அந்த ஒரு வரிதான் இருக்கும்.

டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற ஒழுங்கான அமைப்பு முதல் நாளிலிருந்து மாறாமல் இருந்தால் கிட்-எஸ்விஎன் போதும். நடுவில் ஃபோல்டர்களைக் கலைத்து அடுக்கியிருந்தால், 2009 ரெப்போக்களில் (கோடும் வரலாறும் இருக்கும் களஞ்சியங்களில்) இது சகஜம், கேடிஇ என்ற மென்பொருள் திட்டத்தின் குழுவினர் தங்கள் மாற்றத்துக்காக எழுதிய எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட் சரியாக வரும். எந்த ஃபோல்டர் எந்த ஆண்டில் எந்த பிராஞ்ச் என்று விதி எழுதிக் கொடுக்க வேண்டும். எதுவானாலும் ஓடுகிற சர்வரில் கை வைக்காதீர்கள். சப்வெர்ஷனின் ஹாட்காப்பி கட்டளையால் முழு நகல் எடுத்து, வேறு கணினியில் வைத்து ஒத்திகை பாருங்கள். நகலில் ஓட்டினால் நெட்வொர்க் வழியாக ஓட்டுவதைவிடப் பல மடங்கு வேகமாக முடியும்.

முடிந்தது என்று கருவி சொன்னதும் நம்பிவிடக் கூடாது. ஆலைகளில் இன்று ஓடுகிற ஒவ்வொரு பதிப்பையும் சப்வெர்ஷனிலிருந்து ஒரு ஃபோல்டரிலும் கிட்டிலிருந்து இன்னொரு ஃபோல்டரிலும் இறக்கி, ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிடுங்கள். மூன்று வித்தியாசங்கள் வரும், பதறாதீர்கள்: காலி ஃபோல்டர்களைக் கிட் வைத்துக்கொள்ளாது, ஃபைலின் தலையில் சப்வெர்ஷன் தானாக நிரப்பிய தேதி, எண் போன்றவை நிரம்பாமல் இருக்கும், வரி முடிவுக் குறிகள் மாறியிருக்கலாம். இவை தவிர ஒரு பைட் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும் வரை நகராதீர்கள். உங்கள் மென்பொருளில் தமிழ் லேபிள்கள் இருப்பதால் இன்னொன்றும் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவின் பழைய ரிசோர்ஸ் ஃபைல்கள் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால் கிட் அவற்றை எழுத்தாகப் பார்க்காது, பைனரி என்று ஒதுக்கிவிடும். எது மாறியது என்று வரிவரியாகக் காட்டாது. கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் குறியாக்கத்தைச் சொல்லிவிட்டால் சரியாகும். 2.18 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

கடவுச்சொற்களும் தொழிலாளர் விவரங்களும்

எனக்கு உறக்கம் வராத இடம் இது. பதினைந்து வருட ரெப்போவில் டேட்டாபேஸ் கடவுச்சொல் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்காவிட்டால்தான் ஆச்சரியம். அதோடு, சம்பளக் கணக்குச் சோதனைக்காக எந்த ஆலையிலிருந்தாவது உண்மையான தரவை வாங்கி ரெப்போவில் போட்டிருப்பீர்கள்: பெயர், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண். கூலி வேலை செய்கிறவர்களின் விவரம்தானே என்று யாரும் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள்.

“ரெப்போ பிரைவேட்டாகத்தான் இருக்கும்” என்று உங்கள் இளைஞர்கள் சொல்வார்கள். 2016-இல் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயன்படுத்திய பிரைவேட் கிட்ஹப் ரெப்போவுக்குள்தான் திருடர்கள் நுழைந்தார்கள். அங்கே கிடந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டுதான் அது வெளியே தெரிந்தது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சிறு நிறுவனத்துக்கு அந்தத் தொகை விழாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆலை முதலாளி உங்களைக் கேட்கும் கேள்விக்குப் பதில் வேண்டாமா?

ஆகவே முதல் குளோனை யாருக்கும் கொடுப்பதற்கு முன்பே துப்புரவு முடிந்திருக்க வேண்டும். கிட்டில் ஒவ்வொரு கமிட்டின் ஹேஷும் அதற்கு முந்தைய கமிட்டின் ஹேஷையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. 2011-இல் ஒரு கடவுச்சொல்லை அழித்தால் அதற்குப் பிறகு வந்த அத்தனை கமிட்டின் ஹேஷும் மாறிவிடும். ஒன்பது பேரும் வேலை தொடங்கிய பிறகு இதைச் செய்தால் ஒன்பது பேரும் பழைய குளோனை அழித்துவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும். ஒருவர் மறந்து பழையதிலிருந்து புஷ் செய்தால் அழித்ததெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குக் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். கிட்டோடு வரும் ஃபில்டர்-பிராஞ்ச் வேண்டாம். அதைக் கிட்டின் சொந்தக் கையேடே இப்போது பரிந்துரைப்பதில்லை.

அழித்துவிட்டோம் என்று கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். ரெப்போவில் ஒருமுறை இருந்த கடவுச்சொல் வெளியே போன கடவுச்சொல்தான், மாற்றியே ஆக வேண்டும். இளைஞர்கள் இருவரும் சொந்தக் கணக்கில் ஏற்றியிருப்பதால் இது உங்களுக்குக் காத்திருக்க முடியாத வேலை.

ஒரு ஃபோல்டரை மட்டும் காட்ட முடியுமா?

முடியாது. சப்வெர்ஷனில் ஃபோல்டர் வாரியாகப் படிக்கும் அனுமதி கொடுக்கலாம். கிட்டில் ரெப்போவுக்குள் வந்தவருக்கு எல்லாமே தெரியும். சில சர்வர்களில் குறிப்பிட்ட பிராஞ்சில் எழுதத் தடை போடலாம். படிக்கத் தடை ரெப்போ அளவில்தான். அந்த ஆலைக் குழுமத்து ஆளை இன்றைய அனுமதிப் பட்டியலை அப்படியே பார்த்துப் புது ரெப்போவில் சேர்த்துவிட்டால், மற்ற ஆலைகளுக்காக எழுதியதும் அவர் கண்ணில் படும். போட்டி ஆலைகள் என்றால் விளைவைச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கான ஃபோல்டரைத் தனி ரெப்போவாகப் பிரித்துவிடுங்கள். ஃபில்டர்-ரெப்போவாலேயே அதன் வரலாற்றோடு பிரிக்கலாம். அந்த ஃபோல்டருக்கு முன்பு வேறு பெயர் இருந்திருந்தால் பழைய பெயரையும் சேர்த்துக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால் பெயர் மாறிய நாளுக்கு முந்தைய வரலாறு வராது.

கோடு எங்கே இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கிட் என்றால் கிட்ஹப் என்று உங்கள் எம்.டி. நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. இரண்டும் வேறு. கிட்லேப், கிட்டீ போன்றவற்றை உங்கள் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஒன்பது பேர் அணிக்குக் கிட்டீ தாராளம். பெரிய கணினிகூட வேண்டாம்.

வெளியாள் எழுதிய பகுதி

நான் வழக்கறிஞர் அல்ல. இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆனால் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

பணம் கொடுத்துவிட்டோம், கோடு எங்களுடையது என்று எம்.டி. நினைக்கிறார். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது என்றால் அது சரி: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளியே முதல் உரிமையாளர். வெளியாள் ஊழியர் அல்ல. எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதவரை பதிப்புரிமை அவரிடமே இருப்பதாக வாதாட அவருக்கு இடம் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அதே பிரிவு எடுத்துக்கொள்ளும். உங்களிடம் காகிதமே இல்லை.

இந்த நிலையில் அவர் பெயரை வரலாற்றிலிருந்து நீக்குவது இருக்கிற சிக்கலைப் பெரிதாக்கும். உரிமையை விற்றுவிட்ட பிறகும் தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. 57-ஆம் பிரிவு அதைத் தனியாகவே காக்கிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால், பெயரை அழித்துவைத்த ரெப்போ உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். அழிக்காமல் வைத்த வரலாறோ அவர் எழுதியது எவ்வளவு, பிறகு உங்கள் ஆட்கள் மாற்றி எழுதியது எவ்வளவு என்று காட்டி உங்களுக்கே உதவலாம். எம்.டி.யிடம் இதை இப்படியே சொல்லுங்கள். மனக்கசப்பு இருந்தாலும் நடுவில் ஒருவரை வைத்துப் பேசி, ஒரு தொகை கொடுத்து, எழுத்தில் உரிமை மாற்றம் வாங்கிக்கொள்வதுதான் மலிவான வழி.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. மாற்றும்போது பழைய சப்வெர்ஷன் பயனர் பெயர் ஒவ்வொன்றுக்கும் முழுப்பெயரும் மின்னஞ்சலும் எழுதிய பட்டியல் ஒன்றைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். ‘பிசி3’, ‘டிரெய்னி’, ‘அட்மின்’ மாதிரிப் பொதுக் கணக்குகள் வரும். அது யாராக இருக்கும் என்று யூகித்து எழுதாதீர்கள். ‘பிசி3’ என்றே போகட்டும். கிட்டில் யார் செய்தார்கள் என்பது துல்லியமாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் ஒரு திருத்தம். சப்வெர்ஷனில் சர்வரில் நுழைந்த பெயர் பதிவாகும். கிட்டில் அவரவர் கணினியில் என்ன பெயர் தட்டி வைத்திருக்கிறார்களோ அதுதான் பதிவாகும், தேதியும் அப்படியே. யார் புஷ் செய்தார்கள் என்ற பதிவைச் சர்வரில் வைத்திருங்கள், முக்கிய பிராஞ்சில் நேராகப் புஷ் செய்வதைத் தடுத்து வையுங்கள். அது போதும்.

அண்ணாவும் இளைஞர்களும்

அண்ணாவை மாற்றத்துக்குக் குறுக்கே நிற்பவராகப் பார்க்காதீர்கள். எந்த பிராஞ்ச் உயிரோடு இருக்கிறது, எந்த டேக்கை ஆலைக்குக் கொடுத்த பிறகும் யாரோ திருத்தினார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சப்வெர்ஷனில் டேக் என்பது வெறும் ஃபோல்டர்தான், திருத்த முடியும். பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள். சரிபார்ப்பு வேலையை முழுசாக அவர் கையில் கொடுங்கள். அவர் சரி என்று சொன்னால்தான் மாற்றம் என்று அறிவித்துவிடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் பாதி நியாயமாக இருக்கும்.

ஆனால் எஸ்.வி.என். அசைக்க முடியாதது என்று அவர் சொன்னால் வெப்கிட் கதையைச் சொல்லுங்கள். 2017 பிப்ரவரியில், ஒரே ஷா-1 ஹேஷ் வரும்படி செய்த இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். வெப்கிட் பொறியாளர் ஒருவர் சோதனைக்காக அந்த இரண்டையும் ரெப்போவில் சேர்க்க, சப்வெர்ஷன் இரண்டும் ஒன்றே என்று நினைத்துக் குழம்பி, ரெப்போவே முடங்கிப்போனது.

அவருக்குப் பழக்கம் டார்டாய்ஸ் எஸ்விஎன் என்றால் டார்டாய்ஸ் கிட் கொடுங்கள். அதே வலது கிளிக், ஏறக்குறைய அதே மெனு. கட்டளைத் திரையில்தான் வேலை செய்ய வேண்டும் என்று இளைஞர்கள் அடம்பிடித்தால் விடாதீர்கள். அவருக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரே பெரிய வித்தியாசம்: கமிட் செய்தால் அது சர்வருக்குப் போகாது. பதினைந்து வருடமாகக் கமிட் என்றால் பத்திரம் என்று பழகிய கைக்கு இது எளிதில் வராது. சாயங்காலம் கமிட் அடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இரவு ஹார்ட் டிஸ்க் போனால் வேலையும் போனதுதான்.

ஒவ்வொரு லேப்டாப்பும் பேக்கப் என்ற பேச்சும் இங்கேதான் உடைகிறது. புஷ் செய்யாதது யாரிடமும் இல்லை. புஷ் செய்ததும் மற்றவர் இறக்கியிருந்தால்தான் அவரிடம் இருக்கும். நகல் வேறு, பேக்கப் வேறு என்பதைக் கேடிஇ குழு 2013 மார்ச்சில் பட்டு அறிந்தது. அவர்களுடைய கிட் சர்வரில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போக, சுமார் 1,500 ரெப்போக்களின் நகல்களை வைத்திருந்த மற்றச் சர்வர்கள் அந்தக் கெடுதலையும் ஒழுங்காக நகலெடுத்துக்கொண்டன. தற்செயலாக ஒரு சர்வர் மட்டும் தப்பியிருந்ததால் மீண்டார்கள். தினமும் ஒரு நகல், தேதி போட்டு, முந்தைய நாளுடையதை அழிக்காமல், அலுவலகத்துக்கு வெளியே. அதிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இளைஞர்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், சத்தம் போட வேண்டாம். நல்ல கருவி கிடைக்காததால் தேடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் என்ன ஏற்றினார்கள், பப்ளிக்காக இருந்ததா, இருந்தால் எத்தனை நாள், யாராவது ஃபோர்க் (தங்கள் கணக்கில் நகல்) எடுத்தார்களா என்பது எழுத்தில் வேண்டும். ஃபோர்க் இருந்தால் இவர்கள் தங்கள் ரெப்போவை அழித்தாலும் அது அழியாது. பயமுறுத்தினால் மறைப்பார்கள், மறைத்தால் எந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

நாளும் பொறுப்பும்

தீபாவளி வேண்டாம். அதற்கு முந்தைய வாரங்களில் ஆலைகளெல்லாம் போனஸ் கணக்குப் போடும். உங்கள் போன் ஓயாது. லீவில் செய்தால் ஏதாவது கேட்க அண்ணா ஊரில் இருக்க மாட்டார். கார்த்திகையில் ஒரு சாதாரண வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாய் ஆகாது என்றால் புதன் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளி மாலை மட்டும் வேண்டாம். மார்ச் கடைசியையும் தவிர்த்துவிடுங்கள்.

அந்த நாளுக்கு முன் முழு ஒத்திகை இரண்டு முறையாவது பிழையில்லாமல் ஓடியிருக்க வேண்டும். அன்று காலை சப்வெர்ஷனைப் பூட்டி, மாற்றி, ஒப்பிட்டு, மாலைக்குள் ஒரு பதிப்பைப் புது ரெப்போவிலிருந்து பில்டு செய்து பாருங்கள். அது வராவிட்டால் பூட்டைத் திறந்துவிட்டு மறுநாள் பழையபடி வேலைக்குப் போய்விடலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் புதிதில் ஒரு கமிட் விழுந்த பிறகு இரண்டிலும் மாறிமாறி எழுத விடாதீர்கள். ஃப்ரீபிஎஸ்டி குழு மாறிய பிறகும் பழைய நிலைப் பதிப்புகளுக்காகச் சப்வெர்ஷனைக் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். அதுவும் கிட்டிலிருந்து சப்வெர்ஷனுக்கு, ஒரே திசையில்.

உங்கள் தலையில் விழும் என்ற பயத்துக்கு வருகிறேன். எம்.டி.க்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த பிராஞ்சுகள் வருகின்றன, எவை பழைய இடத்திலேயே நிற்கின்றன, ஆலைக் குழுமத்துக்குத் தனி ரெப்போ, வெளியாளின் பெயரை நீக்கவில்லை என்பதும் அதன் காரணமும், தேதி ஏன் தள்ளிப்போகிறது, பின்வாங்க வேண்டி வந்தால் யார் முடிவெடுப்பது. ‘சரி’ என்று அவர் பதில் எழுதிய பிறகு தொடங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால், “நீங்க பேசியபடி இப்படிச் செய்யப்போகிறேன்” என்று அன்றே ஒரு வரி அனுப்பி வைத்துவிடுங்கள்.

கடவுச்சொல் தேடலை மட்டும் அந்தப் பதிலுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். ஹாட்காப்பி எடுத்த நகலில் இந்த வாரமே செய்யலாம். ஆலைகளின் டேட்டாபேஸ் கடவுச்சொற்களை மாற்ற அந்தந்த ஆலையின் ஆட்களோடு நேரம் குறிக்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரிந்த பிறகு எம்.டி.யிடம் தேதி பேசப் போங்கள்.